தெசலோனிகி: பல்கலைக்கழகத்தின் அடியில் ஒரு யூத இடுகாடு

கிரேக்கத்தின் இரண்டாவது பெரிய நகரம் தெசலோனிகி. அங்குள்ள அரிஸ்ரோட்டில் பல்கலைக்கழகத்தின் பிரதான வளாகம் நிற்கும் நிலம், 1942 டிசெம்பர் வரை யூதர்களின் இடுகாடாக இருந்தது. பரப்பு ஏறத்தாழ 350,000 சதுர மீற்றர். மூன்று இலட்சம் அல்லது அதற்கும் மேற்பட்ட கல்லறைகள் அங்கு இருந்ததாக மதிப்பிடப்படுகிறது. ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய யூத இடுகாடுகளில் ஒன்று அது.

வேதாகமத்தில் தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய கடிதங்களை வாசித்தவர்களுக்கு இந்த நகரத்தின் பெயர் புதிதல்ல. பவுலின் காலத்திலேயே அங்கு யூதர்களின் தொழுகைக்கூடம் இருந்தது. 1492 இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதர்கள் ஒட்டோமன் ஆட்சியில் இருந்த இந்தத் துறைமுக நகரத்துக்குப் பெருமளவில் வந்து சேர்ந்தனர். அவர்கள் பேசியது லடினோ, அதாவது தாங்கள் விட்டு வந்த நாட்டின் பழைய ஸ்பானிய மொழி. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரத்தின் மிகப் பெரிய சமூகம் அவர்களே. துறைமுகத் தொழிலாளர்களில் பெரும்பாலானோர் யூதர்கள் என்பதால் ஓய்வுநாளான சனிக்கிழமைகளில் துறைமுகமே மூடப்பட்டிருக்கும்.

1912 இல் நகரம் கிரேக்கத்தின் கைக்கு மாறியது. 1917 இல் மூண்ட பெருந்தீ யூதர்களின் குடியிருப்புகளையும் தொழுகைக்கூடங்களையும் அழித்தது. அதன் பின் வரையப்பட்ட புதிய நகரத் திட்டத்தில், முன்பு மதிலுக்கு வெளியே கிடந்த இடுகாடு நகரத்தின் நடுவே வரும் பெறுமதியான காணியாகிவிட்டது. 1925 இல் நிறுவப்பட்ட பல்கலைக்கழகமும் விரிவதற்கு அதே நிலத்தையே பார்த்தது. யூத மரபில் புதைகுழி என்றென்றைக்கும் இறந்தவருக்கே உரியது. அதைத் தோண்டி இடம் மாற்றுவது பொதுவாகத் தடுக்கப்பட்டது. ஆகவே சமூகம் நீண்ட காலம் மறுத்து நின்றது. கடைசியில், மிகுதி நிலத்தையாவது காப்பாற்றலாம் என்ற எண்ணத்தில் 1937 இல் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க இணங்கியது.

1941 ஏப்ரலில் நாசி ஜேர்மனியின் படைகள் நகரத்தைக் கைப்பற்றின. 1942 ஜூலை 11, ஒரு சனிக்கிழமை. சுமார் 9,000 யூத ஆண்கள் விடுதலைச் சதுக்கம் என்ற பெயருடைய இடத்தில் கொளுத்தும் வெயிலில் நிறுத்தப்பட்டு, அவமானப்படுத்தப்பட்டு, கட்டாய வேலைக்குப் பதியப்பட்டனர். வேலைத்தளங்களில் பலர் இறந்தனர். மிகுதிப் பேரை மீட்க, ஜேர்மன் இராணுவ நிர்வாகி மக்ஸ் மேர்ற்றனுடன் சமூகம் பேச வேண்டியிருந்தது. பில்லியன் கணக்கான திராக்மா பணம் கேட்கப்பட்டது. இடுகாடும் அந்தப் பேரத்துக்குள் இழுக்கப்பட்டது.

1942 டிசெம்பரில் இடிப்பு தொடங்கியது. அனுமதி கொடுத்தது ஜேர்மன் நிர்வாகம். நூற்றுக்கணக்கான கூலியாட்களை இறக்கி இடித்தது நகரத்தின் சொந்த மாநகரசபை. இதைக் கவனிக்க வேண்டும். அழிவை முழுவதுமாக அந்நியப் படையின் கணக்கில் எழுதிவிடுவது பின்னர் பலருக்கு வசதியாக இருந்தது. உறவினரின் எலும்புகளை எடுத்துச் செல்ல ஓடி வந்தவர்களில் சிலருக்கே அது முடிந்தது. நூற்றாண்டுகளின் இடுகாடு சில வாரங்களில் கற்குவாரி போலாகிவிட்டது. பளிங்குக் கற்கள் வீதிகளுக்கும் முற்றங்களுக்கும் பாவப்பட்டன. சுவர்களிலும் தேவாலயத் திருத்த வேலைகளிலும் சேர்க்கப்பட்டன. ஜேர்மன் படையினருக்கான நீச்சல் தடாகத்துக்கும் அவை போயின.

இறந்தவர்களை அகற்றி மூன்று மாதங்களில் உயிரோடிருந்தவர்களின் முறை வந்தது. 1943 மார்ச் 15 முதல் ஓகஸ்ட் வரை சுமார் 46,000 பேர் ரயில்களில் ஏற்றப்பட்டனர். பெரும்பாலானோர் அவுஷ்விற்ஸ் முகாமுக்குச் சென்றவுடனேயே கொல்லப்பட்டனர். போருக்கு முன் சுமார் 50,000 யூதர்கள் வாழ்ந்த நகரத்தில், போர் முடிந்தபோது இரண்டாயிரம் பேர்கூட இருக்கவில்லை. அவர்கள் தம் தாய் தந்தையரின் பெயர் செதுக்கிய கற்களைத் தெருவில் மிதித்து நடக்க நேர்ந்தது. மேர்ற்றனுக்கு 1959 இல் ஏதென்ஸ் நீதிமன்றம் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. ஆனால் அதே ஆண்டில் அவர் மேற்கு ஜேர்மனிக்கு அனுப்பப்பட்டு வெளியே வந்துவிட்டார்.

நிலம் திரும்பவில்லை. போருக்குப் பின் பல்கலைக்கழகக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. அங்கே என்ன இருந்தது என்று சொல்லும் ஒரு பலகைகூடப் பல தசாப்தங்களாக இல்லை. 2014 நவம்பரில்தான் வளாகத்தில் நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது: ஏழு கிளை விளக்கு, புல்தரை, உடைந்த கல்லறைக் கற்கள். திறப்பு விழாவில் அப்போதைய மாநகர முதல்வர் யானிஸ் பூத்தாரிஸ், இவ்வளவு காலமும் காத்த மௌனத்துக்காக நகரம் வெட்கப்படுவதாகச் சொன்னார். அதே சின்னம் பின்னர் ஒரு தடவைக்கு மேல் சேதப்படுத்தப்பட்டது.

எஞ்சியவற்றில் முக்கியமானது கல் அல்ல, எழுத்து. ரபி மைக்கேல் மொல்ஹோ அந்த இடுகாட்டின் கல்வெட்டுகளைப் பிரதி எடுத்திருந்தார். அவை பின்னர் நூலாக வெளிவந்தன. நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக அங்கு வாழ்ந்து இறந்தவர்கள் பலரின் பெயர்களை இன்று அதில்தான் தேட முடிகிறது. நகரத்தில் பழைய சுவர்கள் இடிக்கப்படும்போதும் நிலம் தோண்டப்படும்போதும் எபிரேய எழுத்துள்ள பளிங்குத் துண்டுகள் இன்னும் வெளிவருகின்றன. மீட்கப்படும் கற்கள் நகரத்தின் மேற்கே உள்ள புதிய யூத இடுகாட்டில் வைக்கப்படுகின்றன.