செய்பவர் பெயர் இல்லாத சட்டம்: ஆங்கிலத்தில் ‘விச் ஷல் பி’ அமைப்பு வளர்ந்த கதை

1787 ஆகஸ்ட் 25 அன்று பிலடெல்பியாவில் கூடியிருந்த அமெரிக்க அரசியல் சாசன மாநாட்டில் ஜேம்ஸ் மேடிசன் ஒரு சிறு திருத்தம் கொண்டுவந்தார். நாட்டின் உச்சச் சட்டம் எது என்று வரையறுக்கும் பிரிவின் வரைவில் ‘ட்ரீட்டீஸ் மேட்’, அதாவது ‘செய்யப்பட்ட உடன்படிக்கைகள்’ என்று இருந்தது. அதன் பின்னே ‘ஆர் விச் ஷல் பி மேட்’ என்ற சொற்களைச் சேர்க்கச் சொன்னார். மாநாட்டின் நடப்பைக் குறித்து வைத்தவரும் அவரே என்பதால் காரணமும் நமக்குக் கிடைத்திருக்கிறது. சேர்க்கும் சொற்கள் இனிமேல் செய்யப்படுபவற்றைக் குறிக்கும். அப்படியானால் தனித்து நிற்கும் ‘மேட்’ ஏற்கெனவே முடிந்தவற்றைத்தான் குறித்தாக வேண்டும். பழைய உடன்படிக்கைகள் செல்லுமா என்ற ஐயம் தீரும். திருத்தம் ஏற்கப்பட்டது.

இந்த ஐயத்துக்குப் பின்னால் பெரும் பணம் இருந்தது. 1783இல் பாரிஸில் கையெழுத்தான சமாதான உடன்படிக்கை, பிரிட்டிஷ் வணிகர்கள் தங்கள் பழைய கடன்களை வசூலிப்பதற்குச் சட்டத்தால் தடை கூடாது என்றது. வர்ஜீனியா மாநிலமோ 1777லேயே, அந்தக் கடனை மாநிலக் கருவூலத்தில் கட்டிவிட்டுத் தப்பித்துக்கொள்ள ஒரு சட்டம் இயற்றியிருந்தது. 1796இல் ‘வேர் எதிர் ஹில்டன்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் உடன்படிக்கையின் பக்கம் நின்றது. கடன் வாங்கியவர்களுக்காக வாதாடித் தோற்றவர், பின்னாளில் அதே நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியான ஜான் மார்ஷல். மாநாட்டுக்கு முன்பே முடிந்திருந்த ஓர் உடன்படிக்கை மாநிலச் சட்டத்தை வீழ்த்த முடிந்ததற்கு அந்தப் பிரிவின் சொல்லமைப்பு ஒரு தூண். அதே பிரிவில் ‘சட்டங்கள்’ என்ற சொல்லுக்குப் பின் ‘மேட்’ இல்லை, ‘விச் ஷல் பி மேட்’ மட்டுமே உண்டு என்பதையும் பார்க்க வேண்டும். அரசியல் சாசனத்துக்கு முந்தைய கூட்டமைப்புக் காலத்துச் சட்டங்களுக்கு அந்த உச்ச இடம் கிடைக்கவில்லை.

இவ்வளவு சுமையைத் தாங்கிய இந்தத் தொடர் மூன்று உறுப்புகளால் ஆனது. ‘விச்’ முன்னால் நிற்கும் பெயரோடு தொடரைக் கட்டுகிறது. நம் பெயரெச்சம் பெயருக்கு முன்னே நின்று செய்கிற வேலையை ஆங்கில ரிலேட்டிவ் கிளாஸ் பெயருக்குப் பின்னே நின்று செய்கிறது. ‘ஷல்’ என்ற மோடல் துணைவினை, செயல் இன்னும் நடக்கவில்லை, ஆனால் நடக்கும் அல்லது நடந்தாக வேண்டும் என்கிறது. ‘பி மேட்’ என்ற செயப்பாட்டுவினை, செய்பவர் யார் என்று சொல்லும் கடமையிலிருந்து எழுதுபவரை விடுவிக்கிறது. மூன்றும் ஆங்கிலத்தில் தனித்தனியே வளர்ந்தவை. அவை ஒன்றாகச் சேர்ந்து அன்றாட வழக்கானதற்குப் பேச்சுமொழியைவிடச் சட்டமொழியே பெரிய காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆங்கிலத்தில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சட்டம் கென்ட் அரசன் எத்தல்பெர்ட்டுடையது. ஏறத்தாழ கி.பி. 600ஐச் சேர்ந்தது, ராச்செஸ்டரில் 12ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ஒரு கைப்பிரதியில் மட்டும் எஞ்சியது. ஒருவன் காது வெட்டப்பட்டால் 12 ஷில்லிங் ஈடு கட்டவேண்டும் என்பது போன்ற விதிகளின் பட்டியல் அது. காது ‘வெட்டப்பட்டால்’ என்ற இடத்தில் செயப்பாட்டுவினை உண்டு. ஆனால் ‘கட்டவேண்டும்’ என்ற இடத்தில் மோடல் இல்லை. வினைச்சொல்லின் ஈறே விழைவையும் ஆணையையும் காட்டிவிடும் நிலை அன்று இருந்தது. ரிலேட்டிவ் கிளாஸுக்கும் வேலை குறைவு. ‘இப்படி நடந்தால் இவ்வளவு’ என்ற ஓர் அச்சிலேயே விதிகள் ஓடுகின்றன.

செயப்பாட்டுவினைக்கும் அன்று அவ்வளவு தேவை இருக்கவில்லை. செய்பவர் பெயரைத் தவிர்க்கப் பழைய ஆங்கிலத்தில் ‘மன்’ என்றொரு பிரதிப்பெயர் இருந்தது. ‘யாரோ ஒருவர்’, ‘ஊரார்’ என்ற பொருளில் வரும். ‘சொல்கிறார்கள்’ என்று நாம் எழுவாயே இல்லாமல் சொல்லிவிட்டுப் போகிறோமே, அந்த வசதியை அது தந்தது. தேய்ந்து ‘மெ’ ஆன அச்சொல் 15ஆம் நூற்றாண்டுக்குள் வழக்கொழிந்தது. அது விட்டுச்சென்ற இடத்தில் செயப்பாட்டுவினை பரவியது. வரலாற்று இலக்கண நூல்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. சட்டமொழியைப் பொறுத்தவரை இது பெரிய மாற்றம் என்பது என் கணிப்பு.

‘ஷல்’ என்பதன் மூதாதையான ‘ஸ்குலன்’ முதலில் கடன்பட்டிருப்பதைக் குறித்த முழு வினை. பழைய ஆங்கில நற்செய்தி மொழிபெயர்ப்பில், நீ எவ்வளவு கடன்பட்டிருக்கிறாய் என்ற கேள்வி இந்த வினையைக் கொண்டே கேட்கப்படுகிறது. கடனிலிருந்து கடமைக்கும், கடமையிலிருந்து எதிர்காலத்துக்கும் அது நகர்ந்தது. ‘மே’ ஆற்றலிலிருந்து அனுமதிக்கும், ‘கேன்’ அறிவிலிருந்து ஆற்றலுக்கும் போயின. வினை ஈறுகள் உதிர உதிர, அவை சுமந்த விழைவுப் பொருளை இந்தத் துணைவினைகள் ஏற்றுக்கொண்டன. மொழியியலாளர் டேவிட் லைட்ஃபுட் 1979இல் எழுதிய நூலில், முழு வினைகள் துணைவினைகளான இம்மாற்றம் 16ஆம் நூற்றாண்டில் ஒரே பாய்ச்சலாக நடந்தது என்றார். அந்தோனி வார்னர் 1993இல், அறிகுறிகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டன என்று மறுத்தார். நம் தொடரைப் பார்த்தால் வார்னர் பக்கம்தான் சாய வேண்டியிருக்கிறது. ‘செய்யப்பட’ என்ற செயப்பாட்டு எச்சம் பழைய ஆங்கிலத்தில் பெரும்பாலும் இந்த மோடல் வினைகளை ஒட்டியே வருகிறது. மற்ற வினைகளோடு அது தாராளமாகப் புழங்கியது பிற்காலத்தில்தான். மோடலும் செயப்பாட்டுவினையும் தொடக்கத்திலிருந்தே தோழர்கள்.

எஞ்சிய உறுப்பான ‘விச்’ தான் கடைசியாக வந்தது. பழைய ஆங்கிலத்தில் பெயரையும் தொடரையும் இணைக்க ‘தெ’ என்ற மாறாத இடைச்சொல் போதும். பிறகு ‘தட்’ அந்த இடத்தைப் பிடித்தது. ‘விச்’ முதலில் வினாச்சொல். இணைப்புச் சொல்லாக அது மத்திய காலத்தில்தான் ஊன்றியது. எழுவாயாக வரும் ‘ஹூ’ இன்னும் பிந்தியது. 15ஆம் நூற்றாண்டுக் கடிதங்களின் முடிவில் கடவுளை வேண்டி எழுதும் வாய்பாடுகளில் தலைகாட்டுகிறது. 1611 பைபிளின் பரமண்டல ஜெபத்தில் கடவுளுக்கே ‘விச்’ தான்.

இந்த மூன்று உறுப்புகளும் சேர்வதற்கு அச்சாக இருந்தது லத்தீன் என்பதே பொருந்துகிறது. இங்கிலாந்தில் நாடாளுமன்றச் சட்டங்கள் 15ஆம் நூற்றாண்டின் இறுதி வரை லத்தீனிலும் பிரெஞ்சிலுமே எழுதப்பட்டன. நீதிமன்றத்தில் ஆங்கிலம் பேச வேண்டும் என்று 1362இல் வந்த சட்டமே பிரெஞ்சில்தான் இருக்கிறது. லத்தீனில் ‘செய்யப்பட வேண்டிய’ என்ற முழுப் பொருளையும் ஒரே சொல்லில் அடக்கும் வினையடி வடிவம் உண்டு. ‘அஜெண்டா’ என்றால் செய்யப்பட வேண்டியவை. ‘மெமோரண்டம்’ நினைவில் வைக்கப்பட வேண்டியது. அதன் தலைப்பகுதிதான் நம் அலுவலகங்களில் ஊழியர் பயப்படும் மெமோ. பங்குச்சந்தையின் ‘டிவிடெண்ட்’ பிரித்துக் கொடுக்கப்பட வேண்டியது. இந்த வடிவத்தை ஆங்கிலத்தில் பிரித்து எழுதப் புகுந்தவருக்கு இணைப்புச் சொல், மோடல், செயப்பாட்டுவினை மூன்றும் தேவைப்பட்டன.

வேறு வழியும் இருந்தது. பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அதே லத்தீன் வடிவத்துக்கு ‘டு’ சேர்ந்த எச்சத்தைப் பயன்படுத்தினார்கள். வடிவம் செய்வினை, பொருள் செயப்பாட்டுவினை. பின்னர் ‘டு பி டன்’ வந்து அதை ஓரங்கட்டிவிட்டது. ஓரங்கட்டப்பட்டதன் எச்சம் சென்னைத் தெருக்களில் இன்றும் தொங்குகிறது: ‘டு லெட்’ போர்டு. வாடகைக்கு விடப்படவிருக்கும் வீடு என்று முழுத் தொடராக எழுதினால் போர்டில் இடம் போதாது.

செயப்பாட்டுவினையின் வளர்ச்சி அத்தோடு நிற்கவில்லை. நடந்துகொண்டிருக்கும் செயலைக் காட்டும் ‘இஸ் பீயிங்’ வடிவம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் எழுத்தில் தெரிகிறது. அடிக்கடி காட்டப்படும் சான்று, கவிஞர் ராபர்ட் சவுதி 1795இல் எழுதிய கடிதம். ஒரு முடிதிருத்துபவரிடம் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கக் கொடுத்தவனின் அவதி அதில் வருகிறது. அதுவும் ஒரு ரிலேட்டிவ் கிளாஸ்தான், மோடல் மட்டும் இல்லை. அந்த வடிவத்தோடு மோடலைச் சேர்த்தால் தொடர் வாயில் நுழையாது; இன்றும் அபூர்வம்.

சட்டத்துக்கு வருவோம். ‘ஷல்’ கைவசமானதும் சட்டம் எழுதியவர்கள் அளவு மீறினார்கள். கடமை விதிக்கும் இடத்தோடு நில்லாமல், யாருக்கு விதி பொருந்தும் என்று சொல்லும் ரிலேட்டிவ் கிளாஸிலும் அதைத் திணித்தார்கள். ‘தண்டனை பெறும் எவரும்’ என்ற எளிய இடத்தில் ‘ஹூ ஷல் பி கன்விக்டட்’ என்று எழுதினார்கள். அந்த ‘ஷல்’ யாருக்கும் எந்தக் கடமையையும் விதிக்கவில்லை. ஏழைகள் சட்ட ஆணையத்தில் உதவிச் செயலராயிருந்த ஜார்ஜ் கூட் 1843இல் சட்ட வாக்கியத்தைச் சந்தர்ப்பம், நிபந்தனை, பொறுப்பாளர், செயல் என்று நான்காகப் பகுத்தார். ‘ஷல்’ கடைசிப் பகுதிக்கு மட்டுமே உரியது, முதல் இரண்டிலும் நிகழ்காலம் போதும் என்றார். பொறுப்பாளரின் பெயர் கட்டாயம் வேண்டும் என்றும் வற்புறுத்தினார். செயப்பாட்டுவினையின் மறைவுக்கு அது நேரடி எதிர்ப்பு.

கூட் சொன்னதில் பாதி அதற்கு முன்பே இந்தியாவில் நடந்துவிட்டது. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் தந்த குற்றவியல் வரைவு, ‘ஹூஎவர்’ என்று தொடங்கும் பகுதியில் நிகழ்காலத்தையும், முதன்மை வாக்கியத்தில் ‘ஷல் பி பனிஷ்ட்’ என்பதையும் வைத்தது. குற்றத்தை வரையறுக்கும் தொடர் தெளிவானது, தண்டிப்பவர் பெயர் மட்டும் இல்லை. 1860இல் நிறைவேறி 1862 முதல் அமலான இந்தியத் தண்டனைச் சட்டம் இந்த அச்சையே எடுத்துக்கொண்டது. சிறைக்காலத்தைச் சொல்லும் இடத்தில் ‘விச் மே எக்ஸ்டெண்ட்’ வருகிறது. வடிவத்தில் செயப்பாட்டுவினை அல்ல; ஆனால் காலத்தை நீட்டும் நீதிபதியை மறைப்பதில் அதற்கு இளைத்ததும் அல்ல. நம் நாளிதழ்கள் இதை ‘மூன்று ஆண்டுகள் வரை சிறை’ என்று முடித்துவிடுகின்றன.

உலகின் பிற இடங்களில் காற்று மாறிவிட்டது. அச்சில் வந்த ஆங்கிலத்தை 1961க்கும் 1990களுக்கும் இடையே ஒப்பிட்ட மொழியியலாளர் ஜெஃப்ரி லீச், ‘ஷல்’ வேகமாகச் சரிவதையும் ‘மஸ்ட்’, ‘மே’ ஆகியவையும் குறைவதையும் காட்டினார். 1996இல் வந்த தென்னாப்பிரிக்க அரசியல் சாசனம் கடமைகளுக்கு ‘மஸ்ட்’ என்றே எழுதுகிறது. லண்டனின் சட்ட வரைவாளர்களும் ‘ஷல்’லைத் தவிர்க்கிறார்கள்.

இந்தியாவிலோ, காலனியச் சட்டத்தை விலக்குவதாகச் சொல்லி 2023இல் இயற்றப்பட்டு 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு திருட்டைப் பற்றியது. அதில் ‘ஹூஎவர்’, ‘ஷல் பி பனிஷ்ட்’, ‘விச் மே எக்ஸ்டெண்ட்’ எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைவான பொருளை முதன்முறை திருடி, அதைத் திருப்பித் தருபவருக்குச் சமூக சேவை என்று புதிதாகச் சேர்த்த வரியும் தண்டிப்பவர் பெயரைச் சொல்லாமல் செயப்பாட்டுவினையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.