தகடும் பிரதியும்

இரண்டு அடி விட்டமுள்ள ஐம்பது உலோகத் தகடுகளை ஒரே அச்சில் கோத்து, நிமிஷத்திற்கு 1,200 சுற்று வேகத்தில் சுழலவிட்டால் எவ்வாறு இருக்கும் என்பதை நேயர்கள் மனக்கண்ணால் காண முயல வேண்டும். 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ராமாக் கணிப்பொறியின் நினைவுப் பெட்டி அத்தகையதே. கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில், ரெனால்டு ஜான்சன் தலைமையில் பணியாற்றிய பொறியியலார் அதனை ஆக்கினர். ஒரு டன்னுக்கு மேற்பட்ட எடையுள்ள அப்பெட்டி கொண்டது ஐம்பது லட்சம் எழுத்துக்களே. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்திற்கே அவ்வளவு இடம் வேண்டியிருக்கிறது.

காந்த நாடாவின் நடுவிலுள்ள கணக்கொன்றை அறிய, நாடாவை அதுவரை ஓடவிட்டாக வேண்டும். தகட்டிலோ, படிக்கும் முனை வேண்டிய இடத்திற்கு நேரே செல்லும். இவ்வசதிக்கு ஒரு விலை உண்டு. முனை தகட்டைத் தொடாமல், மெல்லிய காற்றுப் படலத்தின்மேல் மிதந்தவாறே படிக்க வேண்டும். 1973-இல் வந்த வின்செஸ்டர் வகையில் முனை மிக இலேசாக்கப்பட்டு, தகடும் முனையும் ஒரே மூடிய உறைக்குள் சென்றன. இன்றைய ஹார்ட் டிஸ்கில் அந்த இடைவெளி சில நானோமீட்டரே; தலைமயிரின் பருமன் அதைவிடப் பல்லாயிரம் மடங்கு. சுழலும் வேளையில் பெட்டி கீழே விழுமாயின், முனை தகட்டை உரசிக் காந்தப் பூச்சைச் சுரண்டிவிடக்கூடும். சுரண்டப்பட்ட எழுத்து தூளாகிவிட்டது. எந்த மென்பொருளும் அதனை மீட்காது.

ஆதலின் டிஸ்கிலிருந்து ‘டிக், டிக்’ என்ற ஓசை இடைவிடாது எழுமாயின், திரும்பத் திரும்ப இயக்கிப் பார்ப்பது கேட்டை வளர்ப்பதேயாகும். உடனே மின்சாரத்தை நிறுத்துதல் நன்று. தவறி அழித்த கோப்பின் நிலை வேறு. அங்கே பெயர்ப் பட்டியலிலுள்ள குறிப்பே பொதுவாக நீங்குகிறது. எழுத்து தகட்டிலேயே கிடக்கிறது. அதன்மேல் வேறொன்று எழுதப்படுமுன் மீட்டுக்கொள்ளலாம். சுழலும் தகடற்ற எஸ்.எஸ்.டி. வகையில் இச்சலுகை பெரும்பாலும் இல்லை.

பெரிய கணிப்பொறி நிலையங்களில் நாடாவில் பிரதி எடுத்து வைப்பதற்கென்றே ஊழியர் இருந்தனர். 1983-இல் ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி. 10 மெகாபைட் ஹார்ட் டிஸ்குடன் மேசைக்கு வந்தது. அவ்வூழியர் உடன் வரவில்லை!

ஊழியர் இருந்த இடத்திலும் இடர் நேர்ந்ததுண்டு. 1998-இல், அமெரிக்காவின் பிக்ஸார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் சித்திரப்படம் உருவாகிக்கொண்டிருந்தபோது, யாரோ இட்ட ஒரு கட்டளையால் படத்தின் கோப்புகள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு போயிற்று என்று அந்நிறுவனத்தின் எட் கேட்மல் பின்னர் எழுதினார். காப்புப் பிரதியை நாடினர். அது சில காலமாகவே சரிவரப் பதிவாகவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. பிரதி எடுத்தவர்கள் அதனைத் திரும்பப் படித்துப் பார்க்கவில்லை. கேலின் சஸ்மன் என்ற அம்மையார், பிள்ளைப்பேற்றுக்குப்பின் வீட்டிலிருந்து பணிபுரிவதற்காக ஒரு பிரதி வைத்திருந்தார். அக்கணிப்பொறியைக் கம்பளியில் சுற்றி, காரின் பின்னிருக்கையில் வைத்துக் கொணர்ந்தனர். இவ்வளவு பாடுபட்டு மீட்ட படத்தின் பெரும்பகுதியைப் பின்னர் அவர்களே திருப்தியின்றி மாற்றி அமைத்தனர் என்பது வேறு செய்தி.

பிறரைச் சொல்லுமுன் நம்மையும் சொல்லிவிடுதல் முறை. மொழிபெயர்ப்புப் பணியில் பதினோராண்டுகள் திரட்டிய ஆட்சிச் சொற்பட்டியல் ஒன்று நம்மிடம் இருந்தது. அதற்குப் பிரதியும் எடுத்திருந்தோம். ஒரே ஹார்ட் டிஸ்கை இரு அறைகளாகப் பகுத்து, ‘சி’ அறையில் உள்ளதை ‘டி’ அறையிலும் வைத்திருந்தோம். ஒரு திங்கட்கிழமை காலை அந்த டிஸ்க் எழவில்லை. இரண்டு அறைகளும் ஒருங்கே போயின. பழுது பார்க்கத் தந்த இடத்தில் ஒரு வாரம் வைத்திருந்து வெறும் பெட்டியாகவே திருப்பித் தந்தனர். நல்லவேளையாக, மூன்றாண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர் அச்சிட்டு வாங்கிச் சென்ற தாள்கள் அவர் அலமாரியில் இருந்தன. அவற்றைப் பார்த்து மாலைதோறும் மீண்டும் தட்டச்சு செய்து வருகிறோம். தகர வரிசையை எட்டியிருக்கிறோம்.