வாவிக்கரையின் வெளுப்புத் தொழில்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலும் மேற்கே படுவான்கரையிலும் உள்ள தமிழ் ஊர்களில், கோயில் விழாவுக்கும் மணவீட்டுக்கும் இழவுவீட்டுக்கும் மேற்கட்டியாகக் கட்டவும், நடந்துவரும் வழியில் நிலபாவாடையாக விரிக்கவும் வெளுத்த துணி இன்றியமையாததாக இருந்தது. அத்துணியைக் கொணர்வது ஈழத்தில் கட்டாடி எனவும் அழைக்கப்பட்ட வண்ணாரின் கடமையாக இருந்தது. பூப்பு, பிள்ளைப்பேறு ஆகியவற்றால் துடக்கு, அதாவது தீட்டு, நேர்ந்த வீட்டுக்கு மாற்றுத்துணி கொடுத்து, உடுத்தவற்றை வாங்கி வெளுப்பதும் குடிமை எனப்பட்ட இப்பரம்பரை ஊழியத்துள் அடங்கியது. அதற்குரிய கூலி பெரும்பாலும் நெல்லாகவே அளக்கப்பட்டது.

வெளுப்பு என்பது அழுக்கு நீக்கலிலிருந்து வேறானது. சோடியம் கார்பனேட் செறிந்த உவர்மண்ணின் கரைசலில் தோய்த்த துணியை வெள்ளாவியில், அதாவது பானை நீரின் கொதியாவியில், வேகவைக்கும்போது, சூடேறிய காரம் எண்ணெய்ப் பிசுக்கைச் சவுக்காரமாக்கிக் கரைப்பதோடு பருத்தியின் இயற்கை மெழுகையும் தளர்த்துகிறது. எனினும் பழுப்புநிறம் அதனால் முற்றும் போவதில்லை. நிறமூலக்கூறுகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்த இரட்டைப் பிணைப்புகளே ஒளியை உறிஞ்சி நிறத்தைத் தருகின்றன. ஈரத்துணியை வெயிலில் விரிக்கும்போது புறஊதாக் கதிரும் காற்றின் ஆக்சிஜனும் அப்பிணைப்புகளை முறிப்பதால் துணி வெண்மையடைகிறது. எஞ்சிய மஞ்சளை, அதற்கு எதிர்நிறமாகத் துணிக்கு இடும் நீலம் கண்ணுக்கு மறைத்துவிடும்.

இத்தொழிலுக்கு வாவி பெரிதும் உதவவில்லை. கடலோடு கலந்த அதன் நீரிலுள்ள கல்சிய, மக்னீசிய உப்புகள் சவுக்காரத்தோடு கூடிக் கரையாத படிவாகித் துணியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், பரந்த நீர்ப்பரப்பின் அருகிலிருந்தும் குளத்தையும் நன்னீர்க் கிணற்றையுமே நாட வேண்டியிருந்தது. வடகீழ்ப் பருவமழை வாவியின் உவர்ப்பைத் தணிக்கும் மாதங்களிலோ வெயில் அரிதாகிவிடும்.

ஐரோப்பாவிலும் துணிகள் நெடுங்காலம் புல்வெளிகளில் காயவைத்தே வெளுக்கப்பட்டன. 1774இல் வேதியியலாளர் ஷீலே குளோரினைப் பிரித்தெடுத்தார். 1780களில் மற்றொரு வேதியியலாளரான பெர்த்தொலே அதன் வெளுக்கும் ஆற்றலைப் பயன்படுத்தினார். 1799இல் சார்ல்ஸ் டெனன்ட் வெளிற்றுத்தூளுக்கு, அதாவது பிளீச்சிங் பவுடருக்கு, காப்புரிமை பெற்றார். பல நாள் வெயிலின் வேலை சில மணி நேரத்தில் முடிந்தது. இலங்கையில் 1950களில் தோன்றிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, உப்பிலிருந்து காஸ்டிக் சோடாவையும் குளோரினையும் உற்பத்தி செய்தது. பின்னர் உள்நாட்டுப் போரினால் அது முடங்கியது.

வெண்மை கடையில் விற்கும் பொருளான பின்னும் குடிமை உடனே மறையவில்லை. அக்கரைப்பற்றில் 1969 முதல் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டென்னிஸ் மெக்கில்வ்ரே, சாதி வழிப்பட்ட சடங்கு ஊழியங்கள் அக்காலத்திலும் நிலவியதைப் பதிவு செய்துள்ளார். துணியின் வெண்மை மட்டுமே வேண்டப்பட்டிருந்தால் வெளிற்றுத்தூள் வந்ததுமே அந்த ஊழியம் முடிந்திருக்க வேண்டும். அதனை விடாது நிலைநிறுத்தியது, மேற்கட்டியின் கீழ் அமர்ந்தோரின் மேன்மையை ஊரறியக் காட்ட வேண்டும் என்ற சமூகத் தேவையே.