காப்புநகல் மென்பொருளும் அறுபடும் இணைப்பும்

கணினியிலுள்ள கோப்புகளின் நகலைத் தொலைவிலுள்ள வழங்கிக்கு அனுப்பி வைக்கும் திறந்த மூல மென்பொருள்களில் ஆர்சிங்க், பக்குலா, போர்க், ரெஸ்டிக் ஆகியன பரவலாகப் புழங்குகின்றன. கட்டணமின்றிக் கிடைப்பதால் சிறிய பாடசாலைகளுக்கும் சங்கங்களுக்கும் இவை பெரும் உதவி. ஆனால் இணைப்பு இடையில் அறுந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும்.

ஓர் எடுத்துக்காட்டு: மட்டக்களப்பின் படுவான்கரையில், செங்கலடி–பதுளை வீதியில் உள்ள வேளாண்மைக் கிராமம் கரடியனாறு. ஆவணங்களுக்கு வெளியூரில் ஒரு நகல் வேண்டும் என்பதை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 1978 நவம்பர் 23 சூறாவளி மாவட்டத்தையே சின்னாபின்னமாக்கியது. 2010 செப்டம்பர் 17 அன்று, இவ்வூரில் வீதி வேலைக்கு வைத்திருந்த வெடிமருந்து வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பொலிஸ் நிலையம் தரைமட்டமானது.

நகல் அனுப்புவதில்தான் சிக்கல். நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் 100 ஜிகாபைட்டை ஏற்ற நாலரை நாளுக்கு மேல் ஆகும். அத்தனை நேரம் கைபேசிக் கோபுரத்தை நம்பிய இணைப்பு அறாமல் இருப்பது அரிது. மின்சாரம் நின்றாலும் இணைப்பு அறும்; 2022 மார்ச் இறுதியில் இலங்கையின் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது.

பக்குலாவில் வரும் தொல்லை வித்தியாசமானது. பணியை ஏவும் டைரக்டர், கோப்பை வாசிக்கும் டீமன் (பின்னணி நிரல்), சேமிக்கும் டீமன் என அதற்கு மூன்று பகுதிகள். தரவு பின்னிரண்டுக்கும் இடையில் ஓடும்போது டைரக்டருக்கான இணைப்பு சும்மா கிடக்கும். பல ரவுட்டர்கள் அப்படிக் கிடக்கும் இணைப்பைச் சில நிமிடங்களிலேயே மறந்துவிடும்; லினக்ஸோ வழக்கமாக 2 மணி நேரம் கழித்தே அதைச் சோதிக்கும். தரவு முழுவதும் போய்ச் சேர்ந்த பிறகும் பணி தோல்வி என்று பதிவாவது இதனால்தான். சும்மா கிடக்கும் இணைப்பிலும் அவ்வப்போது சிறு செய்தி அனுப்பும் ‘ஹார்ட்பீட் இன்டர்வல்’ அமைப்பை மூன்று பகுதிகளிலும் இட்டால் பெரும்பாலும் தீரும்.

1996இல் வெளிவந்த ஆர்சிங்க், மாறிய பகுதியை மட்டும் அனுப்பும். எனினும் ‘பார்ஷியல்’ தெரிவைக் கொடுக்காவிட்டால் பாதியில் நின்ற கோப்பை அழித்துவிடும். பெரிய காணொளிக் கோப்பென்றால் மறுபடி முதலிலிருந்துதான். போர்க் அரை மணிக்கு ஒருமுறை இடைநிலைப் பதிவு வைக்கிறது. ஏற்கெனவே சேர்ந்த துண்டுகளை மீண்டும் அனுப்பாது. ரெஸ்டிக்கும் கிட்டத்தட்ட அவ்வாறே. இரண்டிலும் அறுந்த இணைப்பு விட்டுச்சென்ற பூட்டைச் சில வேளை கையால் நீக்க நேரும்.

இணைப்பு நிலையில்லாத ஊர்களுக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும் மென்பொருளே ஏற்றது. முதல் முழுநகலை வன்தட்டில் எடுத்து நகரத்துக்குக் கையோடு கொண்டுபோங்கள்; பின்வரும் மாற்றங்களை மட்டும் இணையத்தில் அனுப்புங்கள். மாதம் ஒருமுறை ஒரு கோப்பையாவது மீட்டுத் திறந்து பாருங்கள்.