மன்னார்க் கரையில் பிக்கப்பும் இழுவைப் பெட்டியும்

சரக்குத் தட்டுள்ள பிக்கப் வாகனத்தில் கொக்கி, மின்னிணைப்பு, பிரேக் ஏற்பாடு ஆகியவற்றைப் பொருத்தி, தனிச் சில்லுகளில் ஓடும் பெட்டிகளை இழுக்கத் தயார்ப்படுத்துவதே பிக்கப் இழுவை. மன்னார் மாவட்டத்தில் இழுவை வேலையின் பெரும்பங்கு இன்றும் உழவு இயந்திரத்தின் கையில்தான் இருக்கிறது. நெல், மணல், விறகு, குடிதண்ணீர், வலை எல்லாம் அதன் பெட்டியில் ஏறுகின்றன. அந்த வேலைகளில் எதையெல்லாம் பிக்கப்புக்கு மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்பதைப் பெட்டியின் எடையும் பிரேக்கும் ஓடும் தரையுமே தீர்மானிக்கின்றன.

பின்னணி

மன்னார் தீவைப் பெருநிலத்தோடு இணைத்த ரயில்பாதை 1914இல் தலைமன்னார் வரை வந்தது. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது தீவுக்குச் செல்லும் பாலம் தகர்க்கப்பட்டது, ரயிலும் நின்றது. கட்டுக்கரைக் குளத்து நீரில் விளையும் முருங்கன், நானாட்டான் பக்கத்து நெல்லைச் சுமந்த உழவு இயந்திரப் பெட்டிகளே, 2007, 2008ஆம் ஆண்டுகளின் இடம்பெயர்வில் கூரைத் தகடுகளையும் பாத்திரங்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வன்னிக்குள் போயின. புதிய பாலம் 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. 2015 மார்ச் 14இல் ரயில் மீண்டும் தலைமன்னாரை அடைந்தது. மதவாச்சியிலிருந்து வரும் ஏ-14 வீதியும் பூநகரி வழியாக வரும் ஏ-32 வீதியும் திருத்தப்பட்ட பின், ஊர்ந்து செல்லும் உழவு இயந்திரத்தோடு வேகமாக ஓடும் பிக்கப்பும் இழுவைக்கு வந்தது.

கொக்கியும் எடையும்

கொக்கியை பம்பரில் மாட்டக்கூடாது. செசியோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்புச் சட்டத்தில் மாட்ட வேண்டும். சிறு ட்ரெய்லர்களுக்கு 50 மில்லிமீற்றர் உருண்டைக் கொக்கி உலகெங்கும் பரவலாகப் பயன்படுகிறது. பெட்டியின் மொத்த எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். சுமை பின்னால் குவிந்தால் கொக்கி மேலே தூக்கப்படும். வேகம் கூடும்போது பெட்டி இடமும் வலமும் ஆடத் தொடங்கி, பிக்கப்பையே திருப்பிவிடும். முன்னால் அளவுக்கு மீறிக் குவிந்தாலோ பிக்கப்பின் பின்வில்லுகள் அமுங்கி, முன்சில்லுகளின் பிடி குறையும்.

பிரேக் இன்னும் முக்கியம். பிரித்தானியாவில் விற்கப்படும் நான்கு சில்லு இயக்க டொயோட்டா ஹைலக்ஸ், பிரேக் உள்ள ட்ரெய்லரை 3,500 கிலோ வரை இழுக்கலாம். பிரேக் இல்லாததென்றால் 750 கிலோதான். எஞ்சின் ஒன்றுதான். இழுப்பதைவிட நிறுத்துவதே கடினம் என்பதால்தான் இந்த வித்தியாசம்.

பெட்டி வகைகள்

உழவு இயந்திரப் பெட்டி இரும்பு ஆணி செருகும் இணைப்பில் ஓடுவது. பல பெட்டிகளுக்கு பிரேக்கே கிடையாது. மெதுவாக ஓடும்வரை கனமான உழவு இயந்திரம் அதைச் சமாளிக்கும். அதே பெட்டியை பிக்கப்பில் பூட்டி ஏ-14இல் விரட்டினால், திடீரென நிறுத்தும்போது பெட்டி பின்னாலிருந்து தள்ளும். இணைப்பை மட்டும் மாற்றி ஒட்டுவது இதற்குத் தீர்வாகாது.

தண்ணீர் பவுசருக்குக் கணக்கு எளிது: ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ. 1,000 லீற்றர் தாங்கி நிரம்பினால், இரும்பின் எடையைச் சேர்க்காமலே ஒரு தொன். பாதி நிரம்பிய தாங்கி இன்னும் ஆபத்தானது; வளைவிலும் பிரேக் பிடிக்கும்போதும் நீர் அலைந்து வண்டியை இழுக்கும். அதனால் தாங்கிக்குள் குறுக்குத் தடுப்புகள் வைக்கப்படுகின்றன.

மன்னாருக்கு மிகவும் பொருந்துவது படகை ஏற்றும் ட்ரெய்லரான படகுத் தாங்கி. சோளகக் காற்று வீசும் மாதங்களில் தீவின் தென்கரை கொந்தளிக்கும். வாடைக் காற்றில் வடகரை. பேசாலை போன்ற ஊர்களில் மீனவர்கள் பருவத்துக்கேற்பக் கரை மாறித் தொழில் செய்கிறார்கள். தீவின் அகலம் சில கிலோமீற்றர்தான் என்பதால், கண்ணாடியிழைப் படகைத் தரைவழியே மறுகரைக்குக் கொண்டுபோவது குறுகிய பயணம். கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு; ஆனால் மணல் இளகியது. ரயர் காற்றைக் குறைத்து, தாழ்ந்த கியரில், நீண்ட கயிற்றால் தாங்கியை இழுத்தால் பிக்கப் கெட்டித் தரையிலேயே நிற்கலாம். ஓடிச் சூடான சில்லு பெயரிங்கை உடனே கடலில் இறக்கினால், அது குளிரும்போது உப்பு நீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். சற்று ஆறவிட்டு இறக்குவதும், விளக்கு இணைப்பை முன்கூட்டியே கழற்றுவதும், வேலை முடிந்ததும் நன்னீரால் கழுவி கிறீஸ் அடைப்பதும் தாங்கியின் ஆயுளைக் கூட்டும். சட்டத்துக்கு நாகமுலாம் பூசிய இரும்பே ஏற்றது.

இழுவையின் மறு எல்லையையும் இத்தீவு கண்டிருக்கிறது. 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைத் திட்டத்தில் 3.45 மெகாவாற் திறனுள்ள 30 காற்றாலைகள் உள்ளன. அவற்றின் சுழலி விட்டம் 126 மீற்றர். ஓர் இறகு மட்டும் 60 மீற்றருக்கு மேல் நீளம். அத்தகைய இறகை நீட்டக்கூடிய பல அச்சு ட்ரெய்லரில் ஏற்றி, தனி இழுவை லொறிதான் இழுக்க முடியும்.

அனுமதிப்பத்திரம்

இலங்கையில் கைப்பிடி உழவு இயந்திரத்தைப் பெட்டியோடு ஓட்ட ஜி1 வகுப்பும், விவசாய நில வாகனத்துக்கு ஜி வகுப்பும் தேவை. பிக்கப் ஓட்டப் பயன்படும் பி வகுப்பு அனுமதிப்பத்திரம், வெற்றெடை குறிப்பிட்ட எல்லைக்கு மேற்படாத ட்ரெய்லரையே இணைக்க இடம் தருகிறது. கனரக லொறியும் பெரிய ட்ரெய்லரும் சேர்ந்த இணைப்புக்கு சிஇ வகுப்பு வேண்டும். ஆகவே பெட்டி வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியவை, பெட்டியின் எடைத் தகடும் தன் அனுமதிப்பத்திரமும்.