பதினான்கு ஓவர்களில் ஒருவரை அளக்க முடியுமா? உத்தமபாளையம் வட்டாரத்து இறுதி ஓவர்ப் பந்துவீச்சாளர்களை முன்வைத்து

2017 ஐபிஎல் ஏலத்தில் 10 லட்சம் ரூபாய் அடிப்படை விலையில் இருந்த சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனை, கிங்ஸ் லெவன் பஞ்சாப் அணி 3 கோடி கொடுத்து எடுத்தது. அந்தப் பருவத்தில் அவர் ஆடியது 6 ஆட்டம், எடுத்தது 2 விக்கெட். அடுத்த ஆண்டு சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அவரை 40 லட்சத்துக்கு வாங்கியது. 2018, 2019 இரு பருவங்களிலும் ஓர் ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. 2020இல் அதே அணிக்காக 16 ஆட்டங்களில் 16 விக்கெட். அந்த ஆண்டு டிசம்பரில் கான்பெராவில் ஒருநாள், டி20 என இரண்டு அறிமுகங்கள். 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் அறிமுகம். 2024 நவம்பர் ஏலத்தில் டெல்லி அவருக்கு 10.75 கோடி தந்தது. 2025இல் இரண்டு ஆட்டங்களில் மட்டுமே வாய்ப்பளித்தது.

விலை இப்படி ஏறி இறங்கியதற்கு உடல்நலம், அணியின் தேவை, ஏலக்கூடத்துப் போட்டி என்று பல காரணம் சொல்லலாம். நான் இங்கே எடுத்துக்கொள்ளும் காரணம் ஒன்றுதான். இறுதி ஓவர்களை மட்டும் வீசும் ஒருவர் ஒரு பருவத்தில் வீசுவது மிகச் சில பந்துகளே. அந்தச் சில பந்துகளின் விளைவைப் பார்த்துத்தான் அவரை எடுக்கிறார்கள், விடுகிறார்கள். நடராஜனுக்கு இரண்டாவது வாய்ப்பும் மூன்றாவது வாய்ப்பும் கிடைத்தன. உத்தமபாளையம் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்கில் டென்னிஸ் பந்துப் போட்டிகளில் வளர்ந்து மாவட்டத் தேர்வுக்குப் போகும் ஓர் இளைஞருக்கு முதல் வாய்ப்பே பெரும்பாலும் கடைசி வாய்ப்பு. ஆகவே அவரை எதைக் கொண்டு அளக்கிறோம் என்பது அவர் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் கேள்வி. விக்கெட் கணக்கும் எகானமியும் அதற்கான அளவுகோல்கள் அல்ல என்பது என் வாதம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஏழு ஆட்டம், ஆட்டத்துக்கு இரண்டு இறுதி ஓவர். மொத்தம் 14 ஓவர், 84 பந்து. இறுதி ஓவர்களில் ஒருவர் வீசும் நூறு பந்துகளில் 28 ரன் இல்லாமலும், 40 ஒற்றை ரன்னுக்கும், 10 இரட்டை ரன்னுக்கும், 13 பவுண்டரிக்கும், 9 சிக்ஸருக்கும் போகும் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய உண்மையான எகானமி ஓவருக்கு ஏறத்தாழ 10. நிகழ்தகவு விதிப்படி 84 பந்துகளில் இந்த எண் ஏறத்தாழ 1.2 ரன் மேலும் கீழும் ஆடும். அதாவது திறமையில் அணுவளவும் மாற்றமில்லாமல் அவர் ஒரு பருவத்தை 8.8இல் முடிக்கலாம், அடுத்ததை 11.2இல் முடிக்கலாம். மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பில் இந்த எல்லையையும் தாண்டலாம். 8.8 என்றால் தேர்வுக் குழு கைகுலுக்கும், 11.2 என்றால் பெயரை அடித்துவிடும். நல்ல இறுதி ஓவர்ப் பந்துவீச்சாளருக்கும் சாதாரணமானவருக்கும் உள்ள இடைவெளியே ஓவருக்கு ஒன்றிரண்டு ரன்தான். அந்த இடைவெளியை அதிர்ஷ்டமே விழுங்கிவிடுகிறது.

அமெரிக்க பேஸ்பால் இந்தச் சிக்கலை நமக்கு முன்பே சந்தித்தது. அங்கே ஆட்டத்தின் பிற்பகுதியில் வந்து ஓரிரு இன்னிங்ஸ் மட்டும் வீசும் ரிலீவர்கள் ஒரு பருவம் முழுக்க அறுபது, எழுபது இன்னிங்ஸுக்கு மேல் வீசுவது அரிது. 2001இல் வோரோஸ் மெக்ராக்கன் என்ற ஆய்வாளர், அடிபட்டு மைதானத்துக்குள் விழும் பந்து ஹிட் ஆவதும் பிடிபடுவதும் பெருமளவு பந்தெறிபவரின் கையில் இல்லை என்று வாதிட்டார். ஸ்ட்ரைக் அவுட், வாக், ஹோம் ரன் ஆகிய மூன்றைத்தான் பந்தெறிபவரின் பொறுப்பில் வைக்க வேண்டும் என்பது மெக்ராக்கனின் முடிவு. பின்னால் வந்தவர்கள் இதைத் திருத்தியும் மென்மைப்படுத்தியும் இருக்கிறார்கள். மையக் கருத்து நிலைத்துவிட்டது. பீல்டரும் மைதானமும் காற்றும் தந்ததைக் கழித்துவிட்டு, அவர் கை செய்ததை மட்டும் எண்ணு என்பதே அது.

உத்தமபாளையத்தில் அந்தக் கழித்தலை முதலில் காற்றில் தொடங்க வேண்டும். தமிழ்நாட்டின் காற்றுவழிகளைச் சொல்லும்போது பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகியவற்றோடு கம்பம் கணவாயும் சேர்த்தே சொல்லப்படும். தென்மேற்குப் பருவத்தில் மலை இறங்கி வரும் இந்தக் காற்றை நம்பித்தான் தேனி மாவட்டத்தில் காற்றாலைகள் நிற்கின்றன. ஆனியிலும் ஆடியிலும் திறந்த மைதானம் ஒன்றில் காற்று போகும் திசையில் தூக்கி அடித்த பந்து எல்லைக்கோட்டைத் தாண்டும். எதிர்த்திசையில் அதே அடி டீப் மிட்விக்கெட்டின் கையில் விழும். எந்த முனையிலிருந்து வீசுவது என்பதைக் கேப்டன் முடிவு செய்கிறார். ஸ்கோர் புத்தகத்தில் ஓவருக்கு நேரே ரன்னும் விக்கெட்டும் இருக்கும், காற்று இருக்காது. காற்றை எதிர்த்து வீசச் சொல்லப்பட்ட பையனையும் காற்றோடு வீசிய பையனையும் ஒரே பட்டியலில் எகானமி வரிசைப்படி நிறுத்துவது எனக்கு அநீதியாகவே படுகிறது.

பிறகு எதை எண்ணுவது? பந்து எங்கே விழுந்தது என்பதை. யார்க்கர் என்று நினைத்து வீசியது யார்க்கராக விழுந்ததா, ஃபுல் டாஸ் ஆனதா, அரைக்குழி ஆனதா? இதைப் பேட்ஸ்மேனின் மட்டை மாற்றாது. பீல்டர் கோட்டைவிட்ட கேட்சும் மாற்றாது. இங்கே ஆளுக்கு ஆள் வேறுபாடும் பெரிது. ஆறில் இரண்டைச் சரியாக இறக்குபவரும் மூன்றரையை இறக்குபவரும் வேறு வேறு தரத்தினர். எல்லாவற்றையும் விட முக்கியமானது, இந்தக் கணக்கை நாமே பெருக்கிக்கொள்ளலாம் என்பது. ஆட்டத்தில் 84 பந்துதான் கிடைக்கும். வலைப்பயிற்சியில் சில வாரங்களில் 300 பந்தைக் களைப்பில்லாமல் பார்த்துவிடலாம்.

வலையில் வீசுவது வேறு, கடைசி ஓவரில் பத்து ரன்னைக் காப்பாற்ற வீசுவது வேறு என்று தேர்வாளர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் வலையில் இறக்க முடியாதவர் ஆட்டத்தில் இறக்கிவிடப் போவதில்லை. ஆகவே வலை ஒரு வடிகட்டி. அதைக் கடந்தவர்களுக்கு அழுத்தத்தைச் செயற்கையாகவாவது கூட்டலாம். நாலு ஓவர் ஓடி வீசிக் களைத்த பிறகு வீசச் சொல்லலாம், கிரீஸில் நகர்ந்துகொண்டே இருக்கும் பேட்ஸ்மேனை எதிரே நிறுத்தலாம், நனைந்த பந்தைக் கையில் கொடுக்கலாம். ஒரே ஒரு பெரிய ஆட்டத்தின் அழுத்தத்தைத் தாங்கியதையும் முழுச் சான்றாகக் கொள்ள முடியாது. 2019 டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) இறுதியாட்டத்தில் சேப்பாக்கம் அணிக்காக 15 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்த பெரியசாமியும் சின்னப்பம்பட்டிக்காரர்தான். ஒரே மண், ஒரே வகைப் பயிற்சி; நடராஜன் போன தூரத்துக்கு அவர் போகவில்லை. ஓர் இரவின் பெரும் வெற்றியும் ஒரு பருவத்தின் தோல்வியைப் போலவே குறைவாகத்தான் பேசும்.

டென்னிஸ் பந்திலிருந்து லெதர் பந்துக்கு மாறுபவர்களிடம் இன்னொன்றையும் தொடக்கத்திலேயே பார்த்தாக வேண்டும். டென்னிஸ் பந்து எடை குறைவு. அதில் வேகம் கூட்ட முழங்கையை மடக்கி உதறும் பழக்கம் எளிதில் ஒட்டிக்கொள்ளும். ஐசிசி அனுமதிக்கும் நீட்சி 15 டிகிரி வரைதான். 2015இல் ரஞ்சிக்குள் நுழைந்த உடனேயே நடராஜனின் வீச்சு சந்தேகத்துக்குரியது என்று புகாரானது; பயிற்சியாளர்களோடு உழைத்து வீச்சை அடியிலிருந்து மாற்றிக்கொண்டுதான் அவர் 2016 டிஎன்பிஎல்லில் திண்டுக்கல் அணிக்கு வந்தார். பதினாறு வயதில் ஒரு கைபேசிப் படம் காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய குறையை இருபத்துமூன்று வயதில் திருத்துவது பெரும் பாடு.

வேகமானியையும் நம்பிவிடக் கூடாது. 2008இல் இந்தியா முழுக்க வேகத்தையும் குறியையும் அளந்து நடத்திய போட்டியில் தேறிய ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறிபவர்கள் இருவரை பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற பேஸ்பால் அணி ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் வீசிய முதல் இந்தியர்கள் அவர்கள். இருவருமே சிறு லீக்குகளின் கீழ்ப்படிகளைத் தாண்டவில்லை. கையின் வலுவை அளந்த கருவி பொய் சொல்லவில்லை. சிறுவயது முதல் ஆடிப் பழகினால் மட்டுமே வரும் நூறு சிறு தீர்மானங்களை அளக்க அதனால் முடியவில்லை. அந்தப் பழக்கம் நம் பள்ளத்தாக்குப் பையன்களுக்கு ஊர்ப்போட்டிகளிலேயே கிடைத்துவிடுகிறது. ஆகவே மணிக்கு 125 கிலோமீட்டர் வீசுபவரை வேகம் போதாது என்று முதல் நாளே திருப்பி அனுப்புவதற்கு முன் அவருடைய மெதுபந்தையும் அகல யார்க்கரையும் பார்த்தாக வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு ஒன்றுமில்லை. ஸ்கோர் எழுதுபவர் ஒவ்வொரு பந்துக்கும் கூடுதலாக மூன்று குறி இட வேண்டும்: வீசிய முனை, காற்றின் திசை, பந்து விழுந்த இடம். உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி போன்ற இடங்களின் உடற்கல்வித் துறையும் புள்ளியியல் தெரிந்த ஓர் ஆசிரியரும் சேர்ந்தால் இரண்டு பருவத்துப் பதிவுகளைத் தொகுத்துவிடலாம். அப்போது மாவட்டத் தேர்வுக்கு வரும் பையன் விக்கெட் எண்ணிக்கையோடு மட்டும் வர வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளில் தான் வீசிய ஒவ்வொரு பந்தின் கணக்கையும் கொண்டு வருவான்.