சங்ககிரி: காவிரிக்கு இப்பால் ஒரு காவல் மலை

சென்ற வாரம் திருச்செங்கோட்டு மலையில் நின்று வடக்கே பார்த்தோம். அங்கே மொட்டைப் பாறையாக எழுந்து நின்ற மலைதான் இந்த வாரம் நாம் ஏறப் போவது.

ஈரோட்டில் ரயிலேறிக் காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஆனங்கூர், அடுத்து சங்ககிரி. ரயில் நிலையத்தின் பெயரோடு 'துர்க்கம்' இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் மேட்டுக்காடு, சோளமும் நிலக்கடலையும் ஆமணக்கும் விளையும் வானம் பார்த்த பூமி. நடுவில் கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது மலை. அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒன்றன்மேல் ஒன்றாக மதில்களும் வாசல்களும். மொத்தம் பத்து வாசல் என்பார்கள். ஏறும் படை ஒவ்வொரு வாசலிலும் திரும்பித் திரும்பித்தான் போக வேண்டும். மேலே இருப்பவனுக்கு அதுவே போதும். உச்சியில் சென்னகேசவப் பெருமாள் கோயில், ஓர் அவுலியாவின் தர்கா, தானியக் கிடங்கு, வெடிமருந்துக் கிடங்கு, சுனைகள். முற்றுகை நீண்டாலும் சோற்றுக்கும் தண்ணீருக்கும் கீழே இறங்க வேண்டியதில்லை.

அரண்மனையைத் தேடி இங்கே வருபவர்கள் ஏமாந்து போவார்கள். அரசன் வாழக் கட்டிய கோட்டை அல்ல இது. கொங்கு நாட்டிலிருந்து வந்த வரிப்பணத்தைக் காக்கவும், சேலத்துக்கும் காவிரித் துறைகளுக்கும் இடைப்பட்ட பாதையைக் கண்காணிக்கவும் எழுப்பிய காவல் அரண். விஜயநகரக் காலத்தில் தொடங்கிய கோட்டை பிறகு தாரமங்கலத்துக் கெட்டி முதலிகள், மைசூர் உடையார்கள், ஐதர் அலி, திப்பு என்று கைமாறியது. மைசூருக்குப் போன வரிப்பணத்தை வழிமறித்த இளைஞன் தீரன் சின்னமலை, "சிவன்மலைக்கும் சென்னிமலைக்கும் நடுவே சின்னமலை பறித்துக்கொண்டான் என்று போய்ச் சொல்" என்று ஆட்களைத் திருப்பி அனுப்பியதாகக் கொங்கு மக்கள் இன்றும் சொல்கிறார்கள். அந்தப் பணம் சங்ககிரிக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதும் அதே வாய்மொழிக் கதையில் உண்டு.

1792இல் ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி சேலம் சீமை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் போனது. சங்ககிரியும் அதோடு போனது. காவிரிக்கு அப்பால் இருந்த கோவைச் சீமையோ, 1799இல் திப்பு வீழும்வரை மைசூர் நாடுதான். இந்த ஏழாண்டு இடைவெளியை வரலாற்றில் பலர் கவனிப்பதில்லை. ஆனால் தீரன் சின்னமலையின் முடிவு ஏன் சங்ககிரியில் நிகழ்ந்தது என்பதற்கான விடை இதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

1801இல் காவிரிக்கரை, 1802இல் ஓடாநிலை, 1804இல் அறச்சலூர் என்று சின்னமலை கும்பினிப் படையை அடுத்தடுத்து எதிர்த்து நின்றார். ஓடாநிலையில் அவர் கட்டிய கோட்டையைப் பீரங்கி வைத்துத் தகர்த்தார்கள். பிறகு பழனிப் பக்கம் கருமலையில் சமையல்காரன் காட்டிக்கொடுக்கப் பிடிபட்டார். ஈரோடும் அறச்சலூரும் அவருடைய மண். அங்கே தூக்கு மேடை போட்டால் ஊரே திரண்டுவிடும். ஆற்றுக்கு இப்பால், பல ஆண்டுகளாகக் கும்பினி வசம் இருந்த, ஒரே மலைப்பாதையை மட்டும் காத்தால் போதும் என்ற சங்ககிரிதான் அவர்களுக்குப் பாதுகாப்பான இடம். 1805 ஜூலை 31 அன்று சின்னமலையும் அவருடைய தம்பியரும் தளபதி கருப்பசேர்வையும் இங்கே தூக்கிலிடப்பட்டனர். அன்று ஆடிப்பெருக்கு. கொங்கு நாடெங்கும் பெண்கள் காவிரிக்கு முளைப்பாரி எடுக்கும் நாள். அதனால்தான் இன்றும் ஆடி 18 அன்று சங்ககிரி நினைவுச் சின்னத்தில் மாலைகள் குவிகின்றன.

காவல் தேவைப்படாத காலம் வந்தபோது கோட்டை காலியானது. பாதை மட்டும் ஓயவில்லை. 1860களின் தொடக்கத்தில் சென்னை ரயில்வே இருப்புப்பாதை மலையடிவாரம் வழியே மேற்குக் கடற்கரைக்குப் போனது. 1963இல் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை வந்தது. இந்தப் பகுதியின் சுண்ணாம்புக்கல் அதற்குக் காரணம். மழை பொய்த்த காட்டை நம்பியிருந்த குடும்பங்கள் லாரி வாங்கின. பாடி கட்ட நாமக்கல், ஓட்டச் சங்ககிரி என்று சொல்லும் அளவுக்கு ஊர் லாரிகளால் நிறைந்தது. ஒரு காலத்தில் வரிவண்டிகள் போன திசையில் இப்போது கொச்சி நெடுஞ்சாலை.

கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஏற விரும்புபவர்கள் விடிகாலையில் தொடங்குங்கள். ஒன்பது மணிக்கு மேல் பாறை கால் வைக்க விடாது. தண்ணீரைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

இந்த மலையை மைசூரிடம் இழந்த கெட்டி முதலிகள் யார், தாரமங்கலத்தில் அவர்கள் எழுப்பிய கைலாசநாதர் கோயில் என்ன சொல்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.